திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வெளிநாட்டு பையர் வரை: சமூக ஊடகத்தில் தொழில் உறவை வளர்க்க முழுமையான வழிகாட்டி

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒரே ஒரு அமெரிக்க பையரை (மொத்தமாக வாங்கும் நிறுவனத்தை) நம்பி ஓடிக்கொண்டிருந்த திருப்பூர் யூனிட்டுகள் திணறிப்போயின. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 24 அன்று, இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. ஆனால் பிரிட்டனில் பேசுவதற்கு ஓர் ஆள்கூடத் தெரியாத கம்பெனிக்கு அந்தச் செய்தியால் என்ன பயன்? நெருக்கடி வந்த பிறகு ஆளைத் தேடினால், நம் அவசரம்தான் எதிராளியின் கண்ணில் முதலில் படும். விலையும் அங்கேயே விழுந்துவிடும்.

நாற்பது ஐம்பது மெஷின் வைத்து டி-ஷர்ட், போலோ, குழந்தை உடை தைத்துக்கொண்டு, நேரடியாக ஒரு வெளிநாட்டு பையராவது வேண்டும் என்று நினைக்கிற உரிமையாளர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு தொழிலில் இருப்பவர்களும் பொருளை மட்டும் மாற்றிப் போட்டுப் படிக்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமூக ஊடகத்தில் ஆர்டர் கேட்காதீர்கள். உங்களுக்குத் தொழில் எவ்வளவு தெரியும் என்பதை, அந்த அறிவு தேவைப்படும் ஆளின் கண்ணில் படும்படி தொடர்ந்து காட்டுங்கள். ஆர்டர் அதற்குப் பின்னால் வரும். பெரும்பாலும் ஒரு சீசன் தள்ளித்தான் வரும். அதற்குப் பொறுமை வேண்டும்.

படி 1: யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஐரோப்பாவில் ஒரு பெரிய ரீடெய்ல் கம்பெனி என்றால், டிசைன் பார்ப்பவர் ஒருவர், விலை பேசும் சோர்ஸிங் மேனேஜர் ஒருவர், துணியின் தரம் பார்க்கும் டெக்னாலஜிஸ்ட் ஒருவர், தொழிற்சாலை ஆடிட்டைக் கவனிப்பவர் வேறொருவர். இவர்களில் யாருக்கு எழுதினாலும் முதல் கேள்வி செடெக்ஸ், பிஎஸ்சிஐ மாதிரியான சமூகத் தணிக்கை (தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும் ஆய்வு) முடிந்திருக்கிறதா என்பதாகத்தான் இருக்கும். அது இல்லையென்றால் அந்தக் கதவை இப்போதைக்கு விட்டுவிடலாம். சிறிய பிராண்டுகளில் நிலைமை வேறு. கம்பெனியைத் தொடங்கியவரே டிசைனும் பார்ப்பார், விலையும் பேசுவார், பார்சலையும் பிரிப்பார். சின்ன யூனிட்டுக்கு ஏற்ற ஆள் இவர்தான்.

ஆனால் இவர் கேட்கும் அளவு குறைவாக இருக்கும். அதனால் தேடத் தொடங்கும் முன் உங்கள் எம்ஓக்யூ, அதாவது நீங்கள் எடுக்கக்கூடிய குறைந்தபட்ச ஆர்டர் அளவு, என்ன என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அது தையலில் முடிவாவதில்லை, சாயம் ஏற்றும் டையிங்கில் முடிவாகிறது. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) துணியில் ஒரு கிலோவுக்கு நான்கு அல்லது ஐந்து ஆண்கள் டி-ஷர்ட் வரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கலருக்கு 100 கிலோ லாட் என்பது 400 முதல் 500 பீஸ். அதற்குக் கீழே போனால் சாயக் கூலி கிலோவுக்கு ஏறும். ஒரே துணியை வெள்ளையிலும் கறுப்பிலும் கையிருப்பு வைத்து, அந்த இரண்டு கலரில் மட்டும் 100 பீஸ்கூடத் தருகிறோம் என்று சொல்ல முடிந்தால், சிறு பிராண்டுகளுக்கு நீங்கள் உடனே வேண்டிய ஆளாகிவிடுவீர்கள்.

பையரை மட்டும் பட்டியலில் போடாதீர்கள். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், அறிமுகம் வழியாக வேலை கிடைத்தவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். தகவல் தந்த ஆளை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள் மூலமாகவே வேலை வந்திருந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். 2022-ல் லிங்க்டுஇன்னில் சுமார் 2 கோடி பேரை வைத்துச் செய்த ஆய்விலும், ஓரளவு தள்ளி இருக்கும் அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின என்று தெரிந்தது. இரண்டும் வேலை தேடுவதைப் பற்றியவை, ஆர்டரைப் பற்றியவை அல்ல. ஆனாலும் பனியன் தொழிலில் ஆர்டர் நகரும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆகவே நாற்பது பேர் கொண்ட பட்டியல் போடுங்கள். பாதி சிறு பிராண்டுகளை நடத்துபவர்கள். மீதியில் சென்னை, பெங்களூரு, குருகிராம், திருப்பூர் பையிங் ஹவுஸ்களில் (வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே வாங்கித் தரும் நிறுவனங்களில்) இருக்கும் மெர்ச்சண்டைசர்கள் (ஆர்டரைப் பின்தொடர்பவர்கள்), தரம் பார்க்கும் க்யூசி ஆட்கள், நூல், டிரிம்ஸ் (பட்டன், லேபிள் போன்றவை) விற்பவர்கள், வெளிநாட்டில் இதே தொழிலில் இருக்கும் நம்மவர்கள்.

படி 2: எந்தத் தளம்?

லிங்க்டுஇன்னும் வாட்ஸ்அப் பிசினஸும் கட்டாயம். இன்ஸ்டாகிராம், சிறு பிராண்டுகளைக் கண்டுபிடிக்கவும் அவர்களுடைய ரசனையைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். ஆனால் அங்கே முன்பின் தெரியாதவர் அனுப்பும் செய்தி, கோரிக்கைகள் என்ற தனிப் பகுதிக்குள் போய்விடும். பலர் அதைத் திறப்பதே இல்லை. எல்லாத் தளத்திலும் கணக்குத் தொடங்கி எதையும் கவனிக்காமல் விடுவதைவிட, இரண்டில் ஒழுங்காக இருப்பது மேல்.

படி 3: உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

லிங்க்டுஇன்னில் கம்பெனிப் பக்கம் இருக்கட்டும். ஆனால் உழைக்க வேண்டியது உரிமையாளரின் சொந்தப் பக்கத்தில். மனிதரோடுதான் மனிதர் பேசுவார். லோகோவோடு யாரும் பழகுவதில்லை.

பெயருக்குக் கீழே வரும் வரியில் 220 எழுத்து வரை இடம் உண்டு. பெரும்பாலோர் அதில் “மேனேஜிங் டைரக்டர்” என்று மட்டும் போட்டு வீணாக்குகிறார்கள். அந்த இடத்தில் என்ன தைக்கிறீர்கள், எந்த அளவில், யாருக்கு என்று எழுதுங்கள்: “திருப்பூர். ஆர்கானிக் காட்டன் குழந்தை உடை, பிறந்த குழந்தை முதல் 8 வயது வரை. ஒரு கலருக்கு 300 பீஸிலிருந்து. சாம்பிள் 12 நாள்.” இதை ஆங்கிலத்தில் அப்படியே போட்டால் போதும். 12 நாள் என்று எழுதினால் 12 நாளில் கொடுக்க வேண்டும். முடியாதென்றால் 18 என்று எழுதுங்கள். பொய்யான ஒரு நம்பரைக் கண்டுபிடிக்கப் பையருக்கு ஒரே சாம்பிள் போதும்.

படத்துக்கு, கட்டிங் டேபிள் பக்கத்தில் நீங்கள் நிற்கும் தெளிவான போட்டோ நல்லது. ஃப்ளோரை (தையல் நடக்கும் இடத்தை) காட்டுங்கள். இணையத்தில் எடுத்த வெளிநாட்டுத் தொழிற்சாலைப் படங்களைப் போடாதீர்கள். வீடியோ காலில் ஃப்ளோரைக் காட்டச் சொல்வார்கள்; அப்போது முதல் நிமிடத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

சான்றிதழ் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான சான்றிதழ்), ஓகோ-டெக்ஸ் இரண்டையும் அவற்றின் இணையத்தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். சான்றிதழ் உங்கள் நூல் மில்லின் பெயரிலோ டையிங் யூனிட்டின் பெயரிலோ இருந்தால் அப்படியே சொல்லுங்கள். லோகோவை உங்கள் பக்கத்தில் ஒட்டிவைத்து, அது உங்களுடையது மாதிரி காட்டக் கூடாது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது தீங்கான ரசாயனங்களுக்கான பரிசோதனை. அதற்கும் ஆர்கானிக்குக்கும் சம்பந்தமில்லை. ஜிஓடிஎஸ்ஸில் ஆர்கானிக் என்ற லேபிளுக்குக் குறைந்தது 95 சதவீத ஆர்கானிக் இழை வேண்டும்; 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆர்கானிக் இழை கலந்து செய்தது என்ற லேபிள். இதைக் குழப்பி எழுதும் பக்கங்களைச் சோர்ஸிங் ஆட்கள் படித்த உடனே மூடிவிடுவார்கள்.

“எக்கோ ஃபிரெண்ட்லி”, “கிரீன்” என்று பொதுவாக எழுதுவதையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆதாரம் காட்ட முடியாத இப்படிப்பட்ட சொற்களைச் சொல்லி நுகர்வோருக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறை. உங்கள் பையர்தான் அங்கே பதில் சொல்ல வேண்டியவர். அவருக்குத் தலைவலி தராத சப்ளையர் என்று பெயர் எடுப்பது உங்களுக்கு நல்லது.

படி 4: என்ன எழுதுவது?

இங்கேதான் நம் ஆட்கள் தவறவிடுகிறார்கள். பண்டிகை வாழ்த்து, புது மெஷினுக்குப் பூஜை போட்ட படம், எங்கிருந்தோ எடுத்துப் போட்ட தன்னம்பிக்கை வாசகங்கள் ஆகியவற்றால் லைக் கிடைக்கும். ஆனால் லண்டனில் உட்கார்ந்து, தன் டி-ஷர்ட் துவைத்ததும் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் ஆளுக்கு அதனால் ஒன்றுமில்லை.

அவருக்குத் தெரியாத, உங்களுக்கு அன்றாடமான விஷயங்களை எழுதுங்கள். சிங்கிள் ஜெர்சியில் (டி-ஷர்ட்டுக்கான சாதாரணப் பின்னல் துணி) நூலின் முறுக்கு காரணமாக, துவைத்த பிறகு பக்கத் தையல் முன்னால் திரும்பி வருகிறதே, அந்த ஸ்பைராலிட்டி பற்றி ஒரு பதிவு. துவைக்கும் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படம், நான்கு வரி விளக்கம். காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்குவது) செய்த துணிக்கும் செய்யாத துணிக்கும் ஷ்ரிங்கேஜில், அதாவது சுருக்கத்தில், என்ன வித்தியாசம் என்று ஸ்கேல் வைத்து அளந்து காட்டுங்கள். ஜிஎஸ்எம் பார்ப்பதை ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள்: ரவுண்ட் கட்டரில் 100 சதுர செ.மீ. துண்டு வெட்டி, கிராமில் எடை போட்டு, 100 ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். நமக்கு இது தினசரி வேலை. புதிதாக பிராண்ட் தொடங்கியவருக்கு, தனக்கு வந்த துணியைத் தானே சோதிக்கத் தெரிகிறது என்பது பெரிய விஷயம். சொல்லிக் கொடுத்தவரை அவர் மறக்க மாட்டார்.

விலை எப்படி உருவாகிறது என்றும் எழுதலாம். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாகச் சொல்லி, எந்த இடத்தில் எண்ணிக்கை கூடினால் செலவு குறையும், எங்கே குறையாது என்று விளக்குங்கள். தொகை சொல்ல வேண்டியதில்லை.

திருப்பூரின் கதையையும் நேர்மையாகச் சொல்லுங்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், சாயக் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் முறை இங்கே கட்டாயமானதும் பல பையர்களுக்குத் தெரியாது. ஆற்றுக்கு நடந்த கெடுதலை மறைக்காமல், உங்கள் துணி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த டையிங் யூனிட்டில் சாயம் ஏறுகிறது என்று காட்டினால், பத்துப் பசுமை வாசகங்களைவிட அது கனமாக நிற்கும்.

போடக் கூடாதவையும் உண்டு. இப்போது தைத்துக்கொண்டிருக்கும் பையரின் லேபிள், பிரிண்ட், டிசைன் எதுவும் படத்தில் விழக் கூடாது. அந்த ஸ்டைல் அவர் கடைக்கே இன்னும் வந்திருக்காது. ஒரு பையரின் ரகசியத்தைப் பதிவில் பார்க்கும் இன்னொருவர், நாளைக்குத் தன் டிசைனும் இப்படித்தான் வெளியே போகும் என்று முடிவுகட்டிவிடுவார். அப்புறம், தொழிலாளர்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். கேட்டு, சம்மதித்தவர்களின் படத்தை மட்டும் போடுங்கள். வேலை செய்யும் இடத்துக்கு யாருடைய குழந்தையாவது வந்து நின்றாலும், அந்தப் படம் வேண்டவே வேண்டாம். தணிக்கையில் எழும் கேள்விக்கு அந்த ஒரு படம் போதும்.

வாரத்துக்கு ஒரு பதிவு நிறைவாக இருந்தால் போதும். மீதி நேரத்தை மற்றவர்களின் பதிவுக்குக் கீழே எழுதுவதில் செலவிடுங்கள். “சூப்பர்”, “நைஸ்” என்று போடுவது கணக்கில் வராது. ஒரு பிராண்ட் உரிமையாளர் புதுத் துணியைப் பற்றி எழுதியிருந்தால், அந்தத் துணி ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும், பிரிண்டிங்கில் எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் பெயர் அவருக்குப் பழகிவிடும்.

படி 5: முதல் செய்தி

பெயர் பழகிய பிறகு இணைப்புக் கோரிக்கை அனுப்புங்கள். லிங்க்டுஇன்னில் கோரிக்கையோடு சேர்க்கும் குறிப்புக்கு இடம் குறைவு; இலவசக் கணக்கில் அதற்கு மாத வரம்பும் உண்டு. ஆகவே முக்கியமானவர்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எந்தப் பதிவைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்பது அதில் இருந்தால் போதும்.

அவர் ஏற்றுக்கொண்ட நிமிடமே கம்பெனி புரோஃபைல், 40 பக்கக் கேட்லாக், விலைப்பட்டியல் என்று கொட்டுவதுதான் இன்று எங்கும் நடக்கிறது. “அன்புள்ள ஐயா அல்லது அம்மையாருக்கு, நாங்கள் முன்னணி ஏற்றுமதியாளர்கள், எல்லா வகை ஆடைகளும் செய்கிறோம்” என்ற அந்தச் செய்தியை அவர் அன்று காலையில் மட்டும் பலரிடமிருந்து வாங்கியிருப்பார். எல்லாம் செய்கிறோம் என்றால், எதையும் நன்றாகச் செய்வதில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

அதற்குப் பதிலாக அவருடைய பொருளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு மாதிரி தருகிறேன்:

“உங்கள் குழந்தைகள் ரகத்தைப் பார்த்தேன். தோள்பட்டையில் பட்டன் வைத்திருப்பது நல்ல யோசனை. துவைத்த பின் கழுத்து தளர்வதாக ஓரிரு வாடிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். நாங்கள் திருப்பூரில் குழந்தை உடை மட்டும் தைக்கிறோம். கழுத்து ரிப்பில் எலாஸ்டேன் சேர்த்தும் சேர்க்காமலும் பத்து முறை துவைத்துப் பார்த்த படங்கள் எங்களிடம் உள்ளன. பயன்படும் என்றால் அனுப்புகிறேன்.”

இதில் ஆர்டர் கேட்கவில்லை. அனுமதி மட்டும்தான் கேட்டிருக்கிறோம். அவருடைய பொருளை உண்மையில் பார்த்திருக்கிறோம், நமக்கு விஷயம் தெரியும், சோதித்த ஆதாரமும் கையில் இருக்கிறது என்ற மூன்றும் அதில் தெரிகின்றன. குறையைச் சொல்வதானால் தனிச் செய்தியில் மட்டும், அதுவும் பாராட்ட ஒன்று உண்மையிலேயே இருந்தால் அதைச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்காததைச் சோதித்தோம் என்று எழுதிவிடாதீர்கள். படம் கேட்பார்.

பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து, புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் பதிவுகள் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அது போதும். “சார், எனி அப்டேட்?” என்று மூன்றாம் முறை கேட்பதால் இதுவரை யாரும் ஆர்டர் தந்ததில்லை என்பது என் எண்ணம்.

படி 6: பேச்சிலிருந்து சாம்பிளுக்கு

நான்கைந்து செய்திகள் போய்வந்த பிறகு இருபது நிமிட வீடியோ காலுக்கு அழையுங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30. லண்டன் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மதியச் சாப்பாட்டைச் சற்று முன்பின் நகர்த்தினால் அவருக்கு வசதியான நேரம் கிடைத்துவிடும். அந்த வீடியோ காலில் ஃப்ளோரை நடந்து காட்டுங்கள். கட்டிங் மாஸ்டரை அறிமுகம் செய்துவையுங்கள். பேசி முடித்த அன்றே, பேசியதை ஐந்து வரியில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் எவ்வளவு பேசினாலும், ஜிஎஸ்எம், கலர், அளவு, தேதி, விலை இந்த ஐந்தும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

சாம்பிளுக்குத் துணி தாமதமானால், தேதி வருவதற்கு முன்பே சொல்லுங்கள். காரணம் ஒரு வரி, இப்போதைய நிலை ஒரு படம், புதுத் தேதி ஒன்று. அவர் கேட்ட பிறகு சொல்வதும் கேட்கும் முன் சொல்வதும் ஒரே செய்திதான். ஆனால் முதலாவது சாக்கு, இரண்டாவது பொறுப்பு. பொங்கல், தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் எத்தனை நாள் ஃப்ளோர் நிற்கும் என்பதையும் ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதேபோல இத்தாலி, பிரான்ஸில் ஆகஸ்டில் பலர் விடுமுறையில் இருப்பார்கள். அந்த மாதத்து மௌனத்தை மறுப்பு என்று நினைக்க வேண்டாம்.

படி 7: நம்பும் முன் சரிபாருங்கள்

உறவு நன்றாகப் போகும்போதுதான் இதை மறந்துவிடுகிறோம். பிரிட்டிஷ் கம்பெனி என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவேட்டில் எப்போது தொடங்கியது, இயக்குநர் யார், கணக்குத் தாக்கல் செய்கிறார்களா என்று இலவசமாகப் பார்க்கலாம். லிங்க்டுஇன்னில் பேசுபவரின் பெயரும் அங்கே இருக்கும் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். முன்பணம் இல்லாமல் கடனுக்கு அனுப்புவதாக இருந்தால், ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும், 1957-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான இசிஜிசியில் அந்த பையருக்கு எவ்வளவுவரை காப்பீடு தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒழுங்கான பையர் இதைத் தப்பாக நினைக்க மாட்டார்.

இன்னொரு ஆபத்து, மின்னஞ்சலுக்குள் புகுந்து வங்கிக் கணக்கை மாற்றிச் சொல்லும் மோசடி. ஒரே ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து, உங்கள் பெயரில் பையருக்கு “எங்கள் கணக்கு மாறிவிட்டது” என்று போகும். அவரும் பணத்தைப் போட்டுவிடுவார். முதல் வீடியோ காலிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: கணக்கு எண் மாறினால், இரண்டு பேரும் ஏற்கெனவே தெரிந்த நம்பரில் பேசி உறுதிசெய்த பிறகே பணம் நகர வேண்டும். நம் பக்கம் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும்.

படி 8: உள்ளூர் உறவை மறக்காதீர்கள்

வெளிநாட்டு ஆர்டரை முடித்துக் கொடுப்பது நிட்டிங்காரர், டையிங்காரர், பிரிண்டிங்காரர், எம்பிராய்டரிக்காரர். இவர்களோடு வாட்ஸ்அப்பில் நல்ல பேச்சு இருந்தால்தான் அவசர லாட் இடையில் ஏறும். வாட்ஸ்அப் பிசினஸில் இவர்களை லேபிள் போட்டுப் பிரித்துவையுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைப் பதிந்துவைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். ஆகவே முதலில் ஆளுக்கு ஆள் பேசிப் பதியச் சொல்லுங்கள்.

ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) பணத்தை நேரத்துக்குக் கொடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ன் சட்டமே சொல்கிறது. சட்டத்தைவிட வேகமாக வேலை செய்வது தொழில் குரூப்கள். யார் பணம் இழுத்தடிக்கிறார் என்ற செய்தி அங்கே ஒரே மாலையில் ஊர் முழுக்கப் போய்விடும். உங்களால் எடுக்க முடியாத ஆர்டர் வந்தால், பக்கத்து யூனிட்டுக்கு அறிமுகம் செய்துவையுங்கள். அந்த யூனிட்காரரும் பையரும், இரண்டு பேருமே அதை நினைவில் வைத்திருப்பார்கள்.

படி 9: குறித்துவையுங்கள், விட்டுவிடாதீர்கள்

ஒரு எக்ஸெல் ஷீட் போதும். பெயர், கம்பெனி, கடைசியாகப் பேசியது எப்போது, எதைப் பற்றி, அடுத்து எப்போது. திங்கள் காலை மெஷின் ஓடத் தொடங்கியதும் அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள்.

அந்த ஷீட்டில் மிகவும் கவனிக்க வேண்டியது வேலை மாறுகிற மெர்ச்சண்டைசர்களை. இந்தத் தொழிலில் அவர்கள் அடிக்கடி கம்பெனி மாறுவார்கள். மாறும்போது எந்த யூனிட் சொன்ன தேதிக்குக் கொடுக்கும், எது இழுக்கும் என்ற அறிவையும் கூடவே எடுத்துப்போவார்கள். அவர் புது இடத்தில் சேர்ந்ததை லிங்க்டுஇன் காட்டியதும் வாழ்த்து மட்டும் எழுதுங்கள். ஆர்டர் பேச்சு அதில் வேண்டாம். அவர் அங்கே நிலைபெற ஒரு மூன்று மாதம் விட்டு, புது பையருக்கு என்ன மாதிரித் துணி தேவைப்படுகிறது என்று விசாரியுங்கள். அதே வாரத்தில், அவர் விட்டுவந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப்பிடித்து, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைல்களின் நிலவரத்தை ஒரே பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். புதிதாக வந்த அவருக்கு அந்த வாரம் மிகவும் தேவைப்படும் காகிதம் அதுதான்.